கோட்டிசோன்: ஏறிய வழியும் இறங்கிய வழியும்

ஒரு மருந்தின் வரலாறு பெரும்பாலும் அதனை முதன்முதலிற் கொடுத்த நாளோடு முடிந்துவிடுகிறது. கண்டுபிடித்தவர் புகழ் பெறுவார்; நோயாளி எழுந்து நடப்பார்; வரலாற்றாசிரியனும் அவ்விடத்தே எழுதுகோலைக் கீழே வைப்பான். கோட்டிசோன் என்னும் மருந்தின் வரலாற்றை அவ்வாறு முடித்தல் இயலாது. அதனைத் தொடங்குவது எத்துணை எளிதாயிற்றோ, நிறுத்துவது அத்துணை அரிதாயிற்று. அவ்வருமையை வைத்தியர்கள் அறிந்துகொண்ட கதை கண்டுபிடிப்பின் கதையிலும் பார்க்க நீண்டது. நோயாளருக்குப் பெரிதும் பயன்படுவதும் அதுவே.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரொச்செஸ்டர் நகரிலுள்ள மேயோ மருத்துவ நிலையத்திலே பிலிப் ஹெஞ்ச் என்னும் வைத்தியர் வாதநோயாளரைப் பார்வையிட்டு வந்தார். 1929ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் முதலாந் திகதி, மூட்டுவாதத்தால் வருந்திய 65 வயதினர் ஒருவர் அவரிடம் வந்தார். வந்தவர் தாமும் ஒரு வைத்தியர். தமக்குச் செங்கமாரி கண்டதும் மூட்டு நோவு தணிந்துவிட்டதென்றும், செங்கமாரி நீங்கிய பின்னரும் அந்தச் சுகம் பல மாதம் நிலைத்ததென்றும் அவர் கூறினார். பிறர் கேட்டால் வியந்து மறந்துவிடக் கூடிய செய்தி அது. ஹெஞ்ச் மறக்கவில்லை. கருவுற்ற பெண்களிடத்தும் மூட்டுவாதம் தணிதலை அவர் பின்னர்க் கண்டார். ஆகவே இந்நோய் மீளாத நோயன்று என்றும், உடலிலேயே ஊறும் ஏதோவொரு பொருள் அதனைத் தணிக்கிறதென்றும் அவர் முடிவு செய்தார். பெயர் அறியாத அப்பொருளை ‘எக்ஸ் பொருள்’ எனக் குறித்து வைத்தார்.

அதே நிலையத்தில் எட்வேட் கெண்டல் என்னும் இரசாயன அறிஞர் இருந்தார். 1914ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று தைரொயிட்டுச் சுரப்பியின் ஓமோனைப் பிரித்தெடுத்துப் பெயர் பெற்றவர் அவர். 1930களில் அவருடைய கருத்து அதிரீனல் சுரப்பிகளின்பாற் சென்றது. சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் இச்சிறு சுரப்பிகள் கெட்டால் மனிதன் மெலிந்து, சோர்ந்து, மாய்வான் என்பதை இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன் 1855இலேயே எழுதியிருந்தார். கெண்டல் மாடுகளின் சுரப்பிகளிலிருந்து பல பொருள்களைப் பிரித்து, அவற்றிற்கு ஆங்கில எழுத்துகளையே பெயராக இட்டார். சுவிற்சலாந்திலே தாடியஸ் ரைக்ஸ்ரைன் என்பாரும் அப்பணியிலேயே ஈடுபட்டிருந்தார். 1941இல் ஹெஞ்சும் கெண்டலும் கலந்து பேசி, ‘ஈ’ என்னும் பொருளை மூட்டுவாதத்திற் பரிசோதிக்க எண்ணினர். ஆனால் அப்பொருள் கிடைத்ததோ அணுவளவு. 1944இன் இறுதியில் மேர்க் நிறுவனத்து லூயிஸ் சாரெட் என்பார், முப்பதுக்கு மேற்பட்ட படிகளாலான ஒரு முறையினால், மாட்டுப் பித்தத்திலுள்ள அமிலமொன்றிலிருந்து அதனைத் தொகுத்தார். மனிதருக்குக் கொடுக்கும் அளவு திரட்டுவதற்கு மேலும் சில ஆண்டுகள் சென்றன.

1948ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதம் 21ஆந் திகதி, மூட்டுகள் விறைத்து நடமாட இயலாதிருந்த 29 வயதுப் பெண்மணிக்கு அப்பொருள் ஊசியேற்றப்பட்டது. அளவு நாளொன்றுக்கு 100 மில்லிகிராம். சில நாளில் நோவு குறைந்தது. ஒரு வாரத்தில் அவர் கடைவீதிக்குச் சென்று வந்தார். 1949 ஏப்பிரலில் ஹெஞ்ச், கெண்டல், சார்ள்ஸ் சுலோக்கம், ஹவேட் பொலி ஆகிய நால்வரும் தம் முடிவுகளை வெளியிட்டனர். கோட்டிசோன் என்னும் பெயர் உலகெங்கும் பரந்தது. 1950இல் ஹெஞ்சும் கெண்டலும் ரைக்ஸ்ரைனும் நோபெல் பரிசைப் பகிர்ந்து பெற்றனர். முதல் ஊசிக்கும் அப்பரிசுக்கும் இடைப்பட்ட காலம் இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றே அதிகம்.

ஏறிய வழி இதுவே. இனி இறங்கிய வழி.

நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் என்பது உடல் தானே சுரக்கும் அளவைப் போற் பல மடங்காகும். சில வாரங்களில் நோயாளரின் முகம் முழுமதிபோல் உருண்டது. சிலர் உறக்கமின்றிக் களித்தனர், சிலர் மனம் இடிந்தனர். மருந்தை நிறுத்தினால் மூட்டுவாதம் முன்போலவே திரும்பிற்று. இதனை அந்நால்வரும் மறைக்கவில்லை. கோட்டிசோன் நோயைத் தணிக்கும், தீர்க்காது என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தனர். ஆயினும் எழுந்து நடந்தவரின் படத்தைக் கண்ட உலகத்துக்கு அவ்வுரை செவியில் ஏறவில்லை.

இதனிலும் ஆழமான அபாயமொன்று இருந்தது. அதன் அறிகுறி, கோட்டிசோன் மருந்தாவதற்குப் பதினோராண்டு முன்னரே, கெண்டலின் ஆய்வுகூடத்திற் காணப்பட்டதாகும். 1937இல் டுவைற் இங்கிள் என்பாரும் கெண்டலும் அதிரீனற் சாற்றை எலிகளுக்கு மிகுதியாகக் கொடுத்தபொழுது, அவ்வெலிகளின் அதிரீனல் சுரப்பிகள் சுருங்கிப் போயின. காரணம் விளங்குதற்கு அரிதன்று. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி ஓர் ஏவல் ஓமோனை அனுப்ப, அதற்கேற்ப அதிரீனல் சுரப்பி தொழில் செய்கிறது. வெளியிலிருந்து ஓமோன் வந்து நிறைந்தால், கபச்சுரப்பி ஏவலை நிறுத்துகிறது. ஏவல் இல்லாத சுரப்பி வேலையற்று மெலிகிறது. மருந்தைத் திடீரென நிறுத்தினால், வெளியிலிருந்தும் வரவில்லை, உள்ளேயும் ஊறவில்லை என்ற நிலை நேர்கிறது.

எலியில் அறிந்தது மனிதனில் 1952இல் உறுதியாயிற்று. மூட்டுவாதத்துக்காக மாதக்கணக்கிற் கோட்டிசோன் உண்டுவந்த 34 வயதினர் ஒருவருக்கு இடுப்பு மூட்டில் சத்திரசிகிச்சை செய்யவிருந்தனர். அதன்பொருட்டு மருந்து நிறுத்தப்பட்டது. சத்திரசிகிச்சைக்குப் பின் அவருடைய குருதியமுக்கம் வீழ்ந்தது; எதனாலும் மீளவில்லை; அவர் இறந்தார். பிரேதத்தைச் சோதித்தபொழுது அதிரீனல் சுரப்பிகள் நலிந்திருக்கக் கண்டனர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஏட்டில் வெளியான இச்செய்தி வைத்திய உலகை உலுக்கிற்று. இம்மருந்தை நெடுநாள் உண்பவருக்குச் சத்திரசிகிச்சை, கடுங்காய்ச்சல், பெருங்காயம் ஆகியவை நேருங்கால் மருந்தைக் குறைத்தலாகாது, கூட்டியே கொடுத்தல் வேண்டும் என்னும் விதி, இத்தகைய மரணங்களிலிருந்தே பிறந்தது.

மரணம் கண்ணுக்குத் தெரிவது. தெரியாத துன்பமும் ஒன்று இருந்தது. மேயோ நிலையத்துச் சுலோக்கம் 1950களின் முற்பகுதியில் அதனைக் கூர்ந்து நோக்கினார். மருந்தைக் குறைக்கும்பொழுது நோயாளர் பலருக்குத் தசையும் மூட்டும் நொந்தன, உடல் ஓய்ந்தது, மனம் கலங்கியது. பழைய நோயே திரும்பியதென்று எண்ணி மருந்தை மீண்டும் கூட்டுவதே அந்நாளைய வழக்கம். கூட்டினால் நோவு தணியும். குறைத்தால் மீண்டும் எழும். இவ்வாறு நோயாளி செக்குமாடுபோற் சுற்றிவருவார். அந்நோவுகளுட் சில மருந்தின் குறைவுக்கு உடல் காட்டும் எதிர்ப்பே என்பதைச் சுலோக்கம் எடுத்துக் காட்டினார். 1960இல் வெளியான வேறோர் ஆய்வு, கபச்சுரப்பியும் அதிரீனல் சுரப்பியும் செவ்வனே தொழில் செய்யும் பரிசோதனை முடிவு உள்ளவரிடத்தும் இத்துன்பம் வரலாம் என நிறுவிற்று. “பரிசோதனையில் ஒன்றுமில்லை, நோவு மனப்பிரமை” என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அவ்வாய்வு சான்று பகர்ந்தது எனலாம்.

இதனால் மூன்று நிலைகள் வேறுபடுத்தி அறியப்பட்டன. பழைய நோய் மீள எழுதல் ஒன்று. அதில் மூட்டு வீங்கும், காலை விறைப்பு நீளும், குருதிப் பரிசோதனை அழற்சியைக் காட்டும். மருந்து விலகற் துன்பம் இரண்டாவது. அதில் உடலெங்கும் உளைவும் சோர்வும் பசியின்மையும் மனவாட்டமும் இருக்கும், வீக்கம் இராது. சுரப்பி வலுவிழத்தல் மூன்றாவது. எழுந்து நிற்கத் தலைசுற்றல், வாந்தி, குருதியமுக்கம் வீழ்தல், அறிவு மயங்கல் ஆகியன அதன் குறிகள், உயிருக்கே ஆபத்தானவை. மூன்றும் ஒன்றின்மேலொன்று படிவதுமுண்டு. ஆதலால் அவற்றைப் பிரித்தறிதல் அனுபவம் மிக்க வைத்தியருக்கும் எளிதன்று.

இறங்கும் வழியைச் செப்பனிட முயன்றோர் பலர். 1954இல் பிரித்தானிய ஆய்வொன்று, புதிதாக மூட்டுவாதங் கண்ட 61 பேரிடத்துக் கோட்டிசோனையும் அஸ்பிரினையும் ஒப்பிட்டுப் பெரிய வேறுபாடு காணவில்லை. தேவையின்றி ஏறாமையே நன்று என்னும் பாடத்தை அது தந்தது. 1955இல் வலிமை மிக்க பிரெட்னிசோன் விற்பனைக்கு வந்தது. 1963இல் ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுக்கும் முறை ஆராயப்பட்டது. 1965இல் வெளியான ஆய்வொன்று, நெடுநாள் உறங்கிய சுரப்பிகள் விழிக்கும் காலத்தை அளந்தது. கபச்சுரப்பி சில மாதங்களில் எழும். அதிரீனல் சுரப்பி அதற்குப் பிந்தி எழும். முழு மீட்சிக்கு ஒன்பது மாதமும் அதற்கு மேலும் ஆகலாம்.

2024இல் ஐரோப்பிய, அமெரிக்க ஓமோனியல் சங்கங்கள் கூடி வெளியிட்ட நெறிகள் இவ்வனுபவத்தின் பயனேயாகும். மூன்று நான்கு வாரத்துக்குட்பட்ட சிகிச்சையாயின், சுரப்பியின் பொருட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. அதற்கு மேற்பட்டதாயின், பழைய நோய் அடங்கிய பின்னரே இறங்குதல் வேண்டும். உடலின் இயல்பான தேவைக்கு ஒப்பான அளவை, அதாவது பிரெட்னிசோன் 4 முதல் 6 மில்லிகிராம் வரையிலான அளவை, அடைந்ததும் நடையை இன்னும் தளர்த்துதல் வேண்டும். அல்லது காலையிற் குருதியிலுள்ள கோட்டிசோலை அளந்து மேற்செல்லுதல் வேண்டும். விலகற் துன்பம் கடுமையானால், தாங்க முடிந்த முந்திய படிக்கு ஏறிச் சிலகாலம் நின்று, பின்னர்ச் சிறுசிறு படியாக இறங்கலாம். மெதொத்திரெக்சேற்றும் அதன் பின்வந்த உயிரியல் மருந்துகளும் பழைய நோயை அடக்கத் துணைநிற்பதால், 1950களில் தனித்து இறங்கியவருக்கு இல்லாத கைப்பிடி இன்று பலருக்கு உண்டு.

நோயாளர் செய்யத்தக்கவையும் சில உள. மருந்தின் அளவையும் அன்றன்று தோன்றும் நோவையும் குறித்து வைத்தால் மூன்று நிலைகளையும் பிரித்தறிய வைத்தியருக்கு அது பெருந்துணையாகும். மெல்லிய நடையும், ஒழுங்கான உறக்கமும், இறங்குங் காலத்தில் வேலைப்பளுவைக் குறைத்தலும் சோர்வைத் தாங்க உதவும். தாம் இம்மருந்தை உண்பவர் என்பதைக் கூறும் அட்டையைச் சட்டைப்பையில் வைத்திருத்தல் நன்று. வாந்தியால் மருந்து உள்ளே தங்காவிடினும், மயக்கம் வரினும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். நோவு தாளாது தாமே கூட்டுவதும், சுகங் கண்டு தாமே நிறுத்துவதும் ஒருங்கே தவறாகும்.

1948இல் ஒரு பெண்மணியை ஒரு வாரத்தில் நடக்கச் செய்த மருந்தை, ஆபத்தின்றிக் கைவிடும் வழியை அறிய வைத்திய உலகுக்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வறிவில் ஒரு பகுதி ஆய்வுகூடத்தில் எலிகளிடத்துப் பெறப்பட்டது. ஒரு பகுதி ஓர் இளைஞரின் உயிரை விலையாகக் கொண்டது. எஞ்சியது, “மருந்து குறையக் குறைய உடம்பு நோகிறது” என்று சலியாது சொல்லிவந்த நோயாளரின் வாய்மொழி. இறங்கும் படியில் ஒருநாள் கால் தளர்ந்து நிற்பவர் தம்மைக் கோழையென்று எண்ண வேண்டியதில்லை. உறங்கிய சுரப்பி விழிக்கத் தனக்குரிய காலத்தை எடுத்துக்கொள்கிறது. அதனை விரைவுபடுத்தும் மருந்து இன்னும் வழக்கில் வரவில்லை.