குரோசானும் கிம்புலா பணிஸும்



பாடசாலை விடுமுறை. பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்காகச் சென்ற வாரம் வீட்டிலேயே குரோசான் சுட்டோம். அரைக் கிலோ கோதுமை மா, கால் கிலோ பட்டர். மாவைப் பரத்தி, பட்டரை உள்ளே வைத்து மூடி, மூன்றாக மடித்துத் திரும்பவும் பரத்த வேண்டும். மூன்று தடவை அப்படி மடித்தால் உள்ளே 27 பட்டர் அடுக்குகள். நம் வாவிக்கரை வெக்கையில் முதல் மடிப்பிலேயே பட்டர் உருகி வழிந்தது. ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு அரை மணித்தியாலம் ஃபிரிட்ஜில் வைத்த பின்தான் சரிவந்தது. முக்கோணமாக வெட்டிச் சுருட்டி, பொங்க விட்டுச் சுட்டு, சூட்டோடு சீனிப்பாகு தடவினோம்.

படத்தைக் குடும்பக் குழுமத்தில் போட்டதும் ஒரு குரல் செய்தி வந்தது: "இதைத் தின்னக் கூடாது. 1683இல் உதுமானியர் வியன்னாவில் தோற்றபோது நமது பிறையைக் கடித்துத் தின்னவென்றே செய்த பணிஸ் இது." பிள்ளைகளின் கை அப்படியே நின்றுவிட்டது.

இந்தக் கதை புதிதல்ல. 2013இல் சிரியாவின் அலெப்போவில் ஒரு குழு இதே காரணத்தைச் சொல்லி குரோசானை ஹராம் என்று அறிவித்ததாகவும் செய்தி வந்தது. ஆனால் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஒஸ்திரியாவில் கிப்ஃபெல் என்ற பிறை வடிவப் பணிஸ் அந்த முற்றுகைக்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. 1830களின் கடைசியில் ஓகஸ்ட் சாங் என்ற ஒஸ்திரியர் பாரிஸில் பேக்கரி திறந்து அதைப் பிரபலமாக்கினார். இன்றைய அடுக்கடுக்கான பட்டர் குரோசான் பிரான்சில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. 1683இல் அப்படியொரு பண்டமே இல்லை!

நம் ஊர் பேக்கரியையும் பாருங்கள். பாண் என்பது போர்த்துக்கேயச் சொல். போறணையும் அவர்கள் விட்டுப்போன சொல்தான். 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டியவர்கள் அவர்கள். பத்து ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கை மாறியது, பாண் நம்மோடு தங்கிவிட்டது. கிம்புலா பணிஸும் குரோசானைப் போலவே முக்கோண மாவைச் சுருட்டிச் செய்வதுதான், மேலே சீனி. கிம்புலா என்றால் சிங்களத்தில் முதலை. வாவியில் முதலைக்குப் பயந்த நாம் பிளேன்டீயோடு முதலையைக் கடித்துத்தானே வளர்ந்தோம்?

இதை இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் கிடந்த கட்டியைக் காட்டி, "மலட்டு மாத்திரை" என்றார்கள். அந்த ஒரு சொல்லில் கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்துச் சொன்னது: அது வெறும் மாவுக் கட்டி. அதற்குள் நடக்க வேண்டிய நாசம் நடந்து முடிந்திருந்தது.

சாப்பாட்டைப் பற்றிய ஒரு பொய் என்ன செய்யும் என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? அப்படிப்பட்ட நாமே ஆதாரமில்லாத ஒரு பணிஸ் கதையை யோசிக்காமல் அடுத்தவருக்கு அனுப்பலாமா? செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவுபெறச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். எந்த ஆண்டு, யார் சொன்னது, எங்கே எழுதியிருக்கிறது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு அனுப்புவோம். பிள்ளைகளுக்கும் அதையே பழக்குவோம்.

குரல் செய்தி அனுப்பிய சாச்சாவுக்கும் இதையெல்லாம் பக்குவமாகச் சொன்னோம். அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வந்து இரண்டு சாப்பிட்டார். சீனி கொஞ்சம் கூடிப்போய்ச்சு என்றார். அது உண்மைதான்.

விறகுப் போறணைக் காலத்துப் பேக்கரிகளை நினைவிருக்கும் மூத்தவர்கள் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.