இசைத்தட்டு இல்லாத வீடு

மாங்கேணியில் எங்கள் வீட்டில் ஓர் இசைத்தட்டுக்கூட இருந்ததில்லை. ஆயினும் எனது இசைப்பித்து இசைத்தட்டிலிருந்தே, அம்மப்பா வழியாக வந்தது.

அவரது இளமையில் தட்டுகள் ஊருக்கு வருவது கோயில் திருவிழாவுக்குத்தான். ஒலிபெருக்கிக்காரர் முதலில் வைப்பது பாகவதர். 1944 இல் வெளியான 'ஹரிதாஸ்' பாடல்கள். அரக்குக் கலந்த அத்தட்டுகள் நிமிடத்துக்கு 78 முறை சுழல்வன, கைதவறினால் உடைவன. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமளவே பாடலாம். இரவிரவாக ஆலாபனை செய்த வித்துவான்களும் அதற்குள் தம்மை ஒடுக்கிக்கொண்டனர். இசை குறுகிற்றென வருந்துவோர் உளர். எனக்கு அவ்வருத்தமில்லை. பாமரனும் முழுதாக மனத்திலிருத்தத்தக்க அளவு அது.

திருவிழா முடிந்தால்? வானொலிதான். 1952 இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரையிசையை விரும்பாதவர். அகில இந்திய வானொலியில் அது அருகி மறைய, இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அதே தட்டுகளைச் சுழற்றியது. 1957 இல் விவித் பாரதி தோன்றிய பின்னரும் தமிழகத்து நேயர் பலர் கொழும்பை விட்டகலவில்லை. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்தும் புகழ்பெற்றது. நாம் பெருமைப்படலாம்; சற்று அதிகமாகவே படுகிறோம் என்பது வேறு கதை.

1980களின் இறுதியில், பாயில் என்னைப் பக்கத்தில் இருத்தி, பற்றரி வானொலியில் ஒரு பழைய பாட்டு முடியுமுன்பே தட்டின் மறுபக்கத்துப் பாட்டை முணுமுணுக்கத் தொடங்குவார் அம்மப்பா. அறிவிப்பாளர் வேறொன்றைப் போட்டால் கோபம் வரும்.

"தட்டத் திருப்பிப் போடத் தெரியாதா இவனுக்கு?" என்பார்.