வாங்கியவர் சுமந்த பூட்டு: கணினி விளையாட்டுகளில் நகல் தடுப்பின் நாற்பது ஆண்டுகள்

கணினி விளையாட்டுகளை நகலெடுப்பதைத் தடுக்க நடந்த முயற்சிகளின் வரலாறு, பெரும்பாலும் நிறுவனங்களுக்கும் பூட்டுடைப்பவர்களுக்கும் இடையிலான போட்டியாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் காப்பு எத்தனை நாள் தாங்கியது, யார் உடைத்தார்கள் என்பதே அதில் பேச்சு. காசு கொடுத்து வாங்கியவர் அந்தக் கதையில் தலைகாட்டுவதே அரிது. ஆனால் ஒவ்வொரு காப்பும் நாள்தோறும் சோதித்தது அவரைத்தான். உடைத்த பிரதியை வைத்திருந்தவர் எந்தச் சோதனைக்கும் உட்படவில்லை. காப்பினால் நிறுவனத்துக்குக் கிடைக்கும் பயன் சில மாதங்களில் தீர்ந்துவிடுகிறது, வாங்கியவர் மீது விழும் சுமையோ அந்த விளையாட்டு உள்ளவரை தொடர்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1980களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினி விளையாட்டுகள் ஒலிநாடாவிலோ ஃப்ளாப்பியிலோ விற்பனைக்கு வந்தன. இரண்டையும் வீட்டிலிருந்தே நகலெடுக்க முடிந்தது. அதைத் தடுக்க, ஃப்ளாப்பியின் சில இடங்களை வேண்டுமென்றே பழுதாக எழுதிவைக்கும் உத்தி பரவியது. சாதாரண நகல் நிரலால் அந்தப் பழுதைப் பிரதியெடுக்க முடியாது. விளையாட்டு தொடங்கும்போது பழுது அங்கேயே இருக்கிறதா என்று தேடும். காணவில்லை என்றால் நின்றுவிடும்.

கமடோர் 64 கணினியின் 1541 ஃப்ளாப்பி டிரைவில் இந்த உத்தி என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். ஃப்ளாப்பியைப் படிக்கும் ஹெட் எந்த இடத்தில் நிற்கிறது என்று அறியும் உணரி அந்த டிரைவில் கிடையாது. படிப்பதில் பிழை நேர்ந்தால், ஹெட்டைப் பின்னால் தள்ளிக்கொண்டே போய் ஒரு தடுப்பில் மோதவிட்டுத்தான் அது தொடக்க இடத்தைக் கண்டுபிடிக்கும். மோதும்போது தடதடவென்று சத்தம் வரும். வேண்டுமென்றே பழுது வைத்த அசல் ஃப்ளாப்பியைப் போடும்போதெல்லாம் இந்த மோதல் நடந்தது. நாளடைவில் ஹெட் தன் இடத்திலிருந்து நகர்ந்துபோய், நல்ல ஃப்ளாப்பிகளையும் படிக்க முடியாத நிலைக்கு டிரைவ் வந்து, பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டியிருந்தது. உடைத்த பிரதியிலோ பழுதைத் தேடும் பகுதியையே நீக்கியிருந்தார்கள். அதனால் மோதலும் இல்லை, தேய்மானமும் இல்லை. பிற்காலத்தில் திரும்பத் திரும்ப எழுந்த குறை முழு வடிவில் இங்கேயே இருந்ததால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஒலிநாடாவில் பழுது வைக்கும் வழி எளிதாக அமையாததால், பெட்டிக்குள் வேறொரு பொருளை வைத்தார்கள். 1984இல் வந்த ஜெட் செட் வில்லி விளையாட்டோடு வண்ணக் குறியீடுகள் அச்சிட்ட அட்டை ஒன்று தரப்பட்டது. வண்ண நகல் இயந்திரம் அப்போது எளிதில் கிடைக்காது என்பதுதான் கணக்கு. நிறக்குருடு உள்ளவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அடுத்த ஆண்டு ஸ்பெக்ட்ரம் கணினிக்கு வந்த எலைட் விளையாட்டில் லென்ஸ்லாக் என்ற மடக்கக்கூடிய பிளாஸ்டிக் பட்டகம் இருந்தது. திரையில் சிதைந்து தெரியும் எழுத்துகளை அதன் வழியே பார்த்துப் படித்து, தட்டச்சு செய்ய வேண்டும். அதற்கு முன் தொலைக்காட்சியின் அளவுக்கேற்ப எழுத்துகளின் அகலத்தைச் சரிசெய்தாக வேண்டும். மிகச் சிறிய திரையிலும் மிகப் பெரிய திரையிலும் அது சரிவரவில்லை. சில பெட்டிகளில் வேறு விளையாட்டுக்கான பட்டகமே வந்துவிட்டது. அவற்றை வாங்கியவர்கள் காசு கொடுத்தும் உள்ளே நுழைய முடியாமல் நின்றார்கள். கையேட்டைப் புரட்டிச் சொல் தேடச் சொன்ன முறைகளும், 1990இல் மங்கி ஐலண்ட் விளையாட்டோடு வந்த கடற்கொள்ளையர் முகச் சக்கரமும் இவற்றைவிட மென்மையானவை. சிலருக்கு அவை விளையாட்டின் ஒரு பகுதியாகவே இனித்தன. ஆனால் தாள் தொலைந்தால் விளையாட்டும் தொலைந்தது.

குறுந்தகடு வந்தபின் காப்பு கணினிக்குள்ளேயே குடியேறியது. முக்கியமான திருப்பம் இதுதான். 1990களின் இறுதியில் பரவிய சேஃப்டிஸ்க், செக்யூரோம், பின்னர் ரஷ்யாவிலிருந்து வந்த ஸ்டார்ஃபோர்ஸ் ஆகியவை அசல் தகடுதான் உள்ளே இருக்கிறதா என்று சரிபார்த்தன. சேஃப்டிஸ்க்கும் ஸ்டார்ஃபோர்ஸும் அதற்காக இயங்குதளத்தின் அடித்தளத்திலேயே டிரைவர் நிரலைப் பதித்தன. விளையாட்டை நீக்கிய பிறகும் ஸ்டார்ஃபோர்ஸ் டிரைவர் கணினியில் தங்கிவிட்டதாக வாங்கியவர்கள் புகார் செய்தார்கள். எதிர்ப்பு வலுத்து, 2006இல் விளையாட்டு வெளியீட்டு நிறுவனமான யூபிசாஃப்ட் அதைக் கைவிட்டது. சேஃப்டிஸ்க்கின் டிரைவர் விண்டோஸோடு சேர்ந்தே வந்துகொண்டிருந்தது. அதிலிருந்த பாதுகாப்புக் குறை வழியே தாக்குதல்கள் நடந்ததால், 2007 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அதற்குத் திருத்தம் வெளியிட நேர்ந்தது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவே இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. பாதுகாப்பு நோக்கில் அது சரியான முடிவு. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கடையில் வாங்கிய, சேஃப்டிஸ்க் காப்புள்ள அசல் தகடுகள் அதனால் ஓடாமல் போயின. அவற்றை மீண்டும் ஓட்ட, பலரும் உடைத்த நிரல்களையே தேடிப் போனார்கள்.

இதைவிட வெளிப்படையான சான்று 2008 ஜூலையில் கிடைத்தது. ரெயின்போ சிக்ஸ் வேகஸ் 2 விளையாட்டுக்கு வந்த ஒரு திருத்தம், தகடு டிரைவில் இருக்கிறதா என்று சோதித்தது. இணையம் வழியே தரவிறக்கி வாங்கியவர்களிடம் தகடு ஏது? அவர்களுக்காக யூபிசாஃப்ட்டின் உதவிப் பக்கத்தில் ஒரு கோப்பு வைக்கப்பட்டது. அதைத் திறந்து பார்த்தவர்கள், ரீலோடட் என்னும் பூட்டுடைக்கும் குழுவின் பெயர் உள்ளே இருப்பதைக் கண்டார்கள். தன் வாடிக்கையாளருக்கு உதவ, திருட்டுப் பிரதிக்காரர்கள் செய்த வேலையையே நிறுவனம் எடுத்துத் தந்திருந்தது.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்போர் விளையாட்டு வந்தது. ஒருவர் அதை மூன்று கணினிகளில் மட்டுமே ஆக்டிவேட் செய்யலாம். கணினியை மாற்றினாலும் கணக்கில் ஒன்று குறையும். அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் இட்டு எதிர்ப்பைக் காட்டினார்கள். அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. அதை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் வரம்பை ஐந்தாக உயர்த்தியது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்கும் பலன் என்ன? கடைக்கு வருமுன்பே உடைத்த பிரதி வெளியாகிவிட்டது. அந்த ஆண்டு டாரண்ட் வழியே மிக அதிகம் பரவிய விளையாட்டு ஸ்போர்தான் என்று டாரண்ட்ஃப்ரீக் தளம் கணித்தது. அதன் கணக்கில் 17 லட்சம் தரவிறக்கங்கள்.

2010 மார்ச்சில் யூபிசாஃப்ட் இன்னும் ஒரு படி மேலே போனது. அசாசின்ஸ் க்ரீட் 2 விளையாட்டின் கணினிப் பதிப்பை ஒருவர் தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு விடாமல் இருந்தாக வேண்டும். இணைப்பு அறுந்தால் ஆட்டம் நிற்கும். வெளிவந்த சில நாட்களிலேயே சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி, காசு கொடுத்தவர்கள் மணிக்கணக்கில் ஆட முடியாமல் காத்திருந்தார்கள். 2012இல் நிறுவனம் இந்த நிபந்தனையைக் கைவிட்டதாக அறிவித்தது. ஆனால் 2013 மார்ச்சில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் சிம்சிட்டியை அதே நிபந்தனையோடு வெளியிட்டது. சர்வர்கள் தாங்காமல், அமேசான் அதன் தரவிறக்கப் பதிப்பின் விற்பனையைச் சில நாள் நிறுத்திவைத்தது. ஓராண்டு கழித்து இணைப்பின்றி ஆடும் வசதி வந்தது.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. 2014இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த டெனூவோ என்னும் காப்பு, முந்தைய காப்புகளைவிட நெடுநாள் தாங்கியது. 2024இல் வெளியான ஓர் ஆய்வின்படி, டெனூவோ முதல் வாரத்திலேயே உடைபட்டால் விளையாட்டின் மொத்த வருவாயில் சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஆகவே திருட்டினால் இழப்பே இல்லை என்று சாதிப்பது பிழை. ஆனால் பன்னிரண்டு வாரங்களுக்குப் பின் உடைபட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதற்குப் பிறகும் காப்பை விட்டுவைப்பதால் யாருக்கு என்ன லாபம்? 2021இல் காப்போடு வந்த ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ் விளையாட்டில் எதிரிகளைச் சுடும்போது காட்சி திக்கியது. உடைத்த பிரதியில் அந்தத் திக்கல் இல்லை என்பதை விளையாட்டுகளின் தொழில்நுட்பத்தை ஆராயும் டிஜிட்டல் ஃபவுண்டரி சோதித்துக் காட்டிய பிறகே, அதை வெளியிட்ட கேப்காம் நிறுவனம் சரிசெய்தது. அதே ஆண்டு நவம்பரில் டெனூவோ சார்ந்த ஓர் இணைய முகவரி காலாவதியாகி, பல விளையாட்டுகள் சில மணிநேரம் திறக்கவே இல்லை.

சட்டம் இந்தச் சுமையை மெதுவாகத்தான் கவனித்தது. அமெரிக்காவில் 1998இல் இயற்றிய டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் காப்பை உடைப்பதையே சட்டவிரோதமாக்கியது. வாங்கியவர் தன் பிரதிக்காக உடைத்தாலும் அதே நிலைதான். அனுமதி தரும் சர்வரை நிறுவனமே மூடிவிட்ட விளையாட்டுகளுக்கு 2015இல் வரம்புக்குட்பட்ட விலக்கு கிடைத்தது. 2024 மார்ச் 31 அன்று தி க்ரூ விளையாட்டின் சர்வர்கள் மூடப்பட்டு, வாங்கியவர்களின் உரிமங்களும் திரும்பப் பெறப்பட்டபோது, விளையாட்டுகளைக் கொல்லாதீர்கள் என்னும் இயக்கம் தொடங்கியது. அதே ஆண்டு கலிபோர்னியா இயற்றிய சட்டம், வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம் மட்டுமே என்பதை விற்கும்போதே தெளிவாகச் சொல்லக் கோருகிறது. இது தேவையான சட்டம், ஆனால் போதாது. காப்பை எந்தத் தேதியில் நீக்குவோம், சர்வரை மூடினால் வாங்கிய பிரதியை எப்படி ஓட்டலாம் என்ற இரண்டையும் விற்கும்போதே எழுத்தில் தரும் கடமையை அது நிறுவனத்தின் மீது சுமத்தவில்லை. முதல் மூன்று மாதம்தான் காப்பால் லாபம் என்று ஆய்வே காட்டும்போது, அந்தத் தேதியைக் குறிப்பதில் நிறுவனங்களுக்கு எந்த நட்டமும் இல்லை.