அளக்கப்பட வேண்டியவர் யார்? கனடாவில் குடியேறியோரின் பிள்ளைகளும் ஒருங்கிணைவு ஆய்வும்

குடியேறியோரின் பிள்ளைகள் ஒரு சமூகத்தோடு ஒன்றிவிட்டார்களா என்பதைக் கல்வி, வருமானம், மொழி ஆகியவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் நெடுங்காலம் அளந்துவந்தனர். தலைமுறைகள் செல்லச் செல்ல வேறுபாடுகள் மங்கும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. அதற்குக் கோட்பாட்டு வடிவம் தந்தவர்களுள் ஒருவர் மில்டன் கார்டன் (1964). ஐரோப்பிய வெள்ளையரின் வரலாற்றையே பெரிதும் சார்ந்திருந்த இந்தப் பார்வையை 1993இல் அலெஹாண்ட்ரோ போர்ட்டெஸும் மின் சௌவும் மறுத்தனர். நிறத்தால் அடையாளம் காணப்படும் பிள்ளைகளுக்குப் பாதை ஒன்றல்ல. சிலர் உயர்வார்கள், சிலர் நகரத்தின் அடித்தட்டில் சிக்குவார்கள் என்றனர். ஆனாலும் இரு தரப்பும் அளந்தது பிள்ளைகளைத்தான். அந்த அளவுகோலைப் பெருமளவு நிறுவனங்களை நோக்கித் திருப்ப வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். அதற்குக் கனடாவே தக்க சான்று.

1971இல் பன்முகப் பண்பாட்டை அரசுக் கொள்கையாக அறிவித்து, 1988இல் அதைச் சட்டமாக்கிய நாடு கனடா. அங்கே 2002இல் நடந்த இனப் பன்மை மதிப்பாய்வின் தரவுகளை ஜெஃப்ரி ரைட்ஸும் ரூபா பானர்ஜியும் ஆராய்ந்தபோது வெளிப்பட்ட முடிவு பலரைத் துணுக்குற வைத்தது. பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னவர்கள், வெள்ளையரல்லாத குடியேறிகளுள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். கனடாவிலேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளுள் பத்தில் நால்வருக்கும் மேல். வெள்ளையரான இரண்டாம் தலைமுறையில் அப்படிச் சொன்னவர் பத்தில் ஒருவர் மட்டுமே. நாட்டோடு கொண்ட பிணைப்பிலும் வெள்ளையரல்லாத பிள்ளைகள் பின்தங்கியிருந்தனர்.

பெற்றோரைவிட நல்ல ஆங்கிலம், நல்ல படிப்பு, கூடுதல் வாய்ப்பு எல்லாம் பெற்றவர்கள் ஏன் கூடுதலாகக் குறைப்பட வேண்டும்? காரணம் அவர்களின் ஒப்பீட்டுப் புள்ளியில் இருக்கிறது. போரிலிருந்தோ வறுமையிலிருந்தோ தப்பி வந்த தந்தை, தொழிற்சாலையின் இரவு வேலையை விட்டுவந்த ஊரோடு ஒப்பிட்டுப் பொறுத்துக்கொள்கிறார். மகளுக்கு விட்டுவந்த ஊர் என்று ஒன்றில்லை. வகுப்பில் பக்கத்தில் அமர்ந்திருந்தவளோடுதான் அவள் தன்னை ஒப்பிடுகிறாள். சம உரிமை என்று பள்ளி கற்பித்ததை அவள் நம்பியிருக்கிறாள். ஆகவே அவளது மனக்குறை, ஒருங்கிணைவு தோற்றதற்கான அடையாளமாகாது. குடிமகள் என்ற நிலையை அவள் முழுமையாக ஏற்றதிலிருந்தே அது பிறக்கிறது.

இது வெறும் உணர்வுதானே என்று வாதிடுவோர் உண்டு. டொராண்டோவில் ஃபிலிப் ஒரியோபுலோஸ் நடத்திய கள ஆய்வு (2011) அவர்களுக்கு விடையளிக்கிறது. ஆயிரக்கணக்கான கற்பனை விண்ணப்பங்களை அவர் நிறுவனங்களுக்கு அனுப்பினார். கனடியப் படிப்பும் கனடிய அனுபவமும் ஒன்றாகவே இருந்தும், ஆங்கிலப் பெயர்களுக்கு வந்த நேர்காணல் அழைப்பு, சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு வந்ததைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு அதிகம். அந்தத் தாளில் மாறியது பெயர் மட்டுமே.

தெற்காசிய, சீனப் பிள்ளைகள் பல்கலைக்கழகப் பட்டங்களில் வெள்ளையரை விஞ்சுகிறார்களே என்பது அடுத்த மறுப்பு. இவர்களுள் பலரின் பெற்றோர், 1967இல் வந்த குடிவரவுப் புள்ளிமுறை கல்வியைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள். அந்தத் தேர்வின் பலனை இனத்தின் இயல்பாகக் காட்டிவிட்டு, கறுப்பினப் பிள்ளைகளை நோக்கி விரல் நீட்டுவது நேர்மையற்ற வாதம். அவர்களுள் பலரின் கரீபிய வரலாறு வேறு. 1955இல் தொடங்கிய வீட்டுப் பணியாளர் திட்டம் ஜமைக்கா, பார்படோஸ் பெண்களை வரவழைத்தபோது, மணமாகாதவராகவும் பிள்ளையற்றவராகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. அந்தத் திட்டத்துக்குத் தாய் தேவைப்படவில்லை, அவளது உழைப்பு மட்டுமே தேவைப்பட்டது. பிள்ளைகளை ஊரில் மறைத்து வைத்துவிட்டு வந்த பெண்களும் இருந்தனர். பள்ளியும் தன் பங்குக்குப் பிரித்தது. கார்ல் ஜேம்ஸ் தலைமையிலான 2017ஆம் ஆண்டு அறிக்கையின்படி, டொராண்டோவில் பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பாடப்பிரிவில் இருந்தவர்கள், கறுப்பின மாணவருள் 53 விழுக்காடு, வெள்ளையருள் 81, வெள்ளையரல்லாத பிறருள் 80. பதினான்கு வயதில் ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பிரித்து வைத்த ஏற்பாட்டை ‘தகுதி’ என்று அழைத்ததை நான் ஏற்க மறுக்கிறேன்.

தமிழர் அனுபவத்தையும் இந்த வெளிச்சத்தில் வாசிக்கலாம். 2009 மே 10 அன்று ஈழப் போரின் இறுதி நாள்களில், டொராண்டோவின் கார்டினர் விரைவுச்சாலையில் தமிழர்கள் இறங்கி அமர்ந்தனர். கனடாவில் பிறந்து வளர்ந்த இளையோரும் அவர்களிடையே இருந்தனர். பழைய நாட்டுச் சண்டையை இங்கே இழுத்து வருகிறார்கள் என்று கண்டனம் எழுந்தது. ஆனால் அவர்கள் கோரிக்கை வைத்தது ஒட்டாவாவிலுள்ள கனடிய அரசிடம். தன் அரசு தன் குரலைக் கேட்கக் கடமைப்பட்டது என்று நம்புகிறவரே அப்படிக் கோருவார். இரண்டே ஆண்டுகளில், 2011இல், சிறு வயதிலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ராதிகா சிற்சபைஈசன் ஸ்கார்பரோவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார். சாலையையும் நாடாளுமன்றத்தையும் எதிரெதிராக நிறுத்துவோர் இரண்டிலும் ஓடும் உரிமையுணர்வைத் தவறவிடுகிறார்கள்.

டொராண்டோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணம் 2022இல் ஒன்பதாம் வகுப்புப் பாடப்பிரிப்பை முடிவுக்குக் கொண்டுவந்தது. பிள்ளைகளைத் திருத்த முயலாமல் நிறுவனத்தைத் திருத்திய அரிய முடிவு அது. ஆய்வாளர்களும் அவ்வழியில் வர வேண்டும். நீ இந்நாட்டவன் என்று எவ்வளவு உணர்கிறாய் என அப்பிள்ளைகளிடம் கேட்டது போதும். விண்ணப்பங்களைக் கழிக்கும் மேலாளரிடமும் மாணவரைத் தரம் பிரிக்கும் ஆசிரியரிடமும் நம் அடுத்த கேள்வித்தாள் போகட்டும்.