வாசலில் குழாய், கொல்லையில் சந்து

தமிழ் நவீன இலக்கியத்தில் கிணறுகளுக்குப் பஞ்சமில்லை. கிணற்றடிப் பேச்சு, கிணற்றடிச் சண்டை, கிணற்றில் விழுந்த மரணம் என்று ஒரு பெருந்தொகுப்பே கொண்டுவரலாம். தெருக்குழாயும் பிற்பாடு வந்து சேர்ந்துகொண்டது. அசோகமித்திரனின் 'தண்ணீர்' வந்த பிறகு குழாயடியை வெறும் பின்னணிக் காட்சி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அதே வீட்டிலிருந்து வெளியேறும் நீரைப் பற்றி நம் எழுத்து பெரும்பாலும் மௌனமே சாதித்திருக்கிறது. விதிவிலக்குகள் உண்டு. தகழியின் 'தோட்டியின் மகன்' சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் நமக்குக் கிடைத்தது. பெருமாள்முருகன் ஒரு சிறுகதைத் தொகுப்புக்குப் 'பீக்கதைகள்' என்றே பெயரிட்டார். இருந்தும் உள்ளே வரும் நீருக்கு நாம் அளித்த பக்கங்களையும் வெளியே போகும் நீருக்கு அளித்த பக்கங்களையும் எடைபோட்டால் தராசு ஒரு பக்கமாகவே சாயும்.

இலக்கியத்தில் மட்டுமல்ல, நகரத்தின் மண்ணுக்கடியிலும் இதே சாய்வு இருக்கிறது. ஒரு வீட்டை ஊரின் குடிநீர்க் குழாயோடும் பாதாளச் சாக்கடையோடும் இணைப்பது இன்று ஒரே அலுவலகத்தில் முடியும் காரியம். வரலாற்றில் அவை ஒன்றாக வரவில்லை. சென்னையை எடுத்துக்கொண்டால், தண்ணீர் முன்னால் வந்தது. சாக்கடை பல பத்தாண்டுகள் கழித்து வந்தது. அந்த இடைவெளியில் ஒரு மனிதக் கூட்டம் குழாய்க்குப் பதிலாக நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளியைத்தான் நாம் இங்கே பார்க்க விரும்புகிறோம்.

முதலில் தண்ணீர். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நல்ல ஊற்று இல்லாததால் கும்பினியார் வெளியிலிருந்தே நீரைச் சுமந்துவரச் செய்தார்கள். 1772இல் கேப்டன் பேக்கர் என்பவர் கோட்டைக்கு வடக்கே கிணறுகள் தோண்டி அங்கிருந்து நீரைக் கொண்டுசெல்ல வழிசெய்தார். அவற்றில் ஏழு நன்றாக ஊறின. ஏழுகிணறு என்ற பெயர் அப்படி வந்தது. வள்ளலார் இளமையில் வாழ்ந்த பகுதி என்று நாம் அறிந்துவைத்திருக்கும் இடம், முதலில் கோட்டையின் தண்ணீர்த் தொட்டி. ஊருக்குள் இருந்தவர்களுக்கு அந்த நீரால் பெரிய பயன் இல்லை. அவர்கள் தங்கள் கொல்லைக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பியிருந்தார்கள்.

ஊருக்கு நீர் வந்தது 1872இல். ஃப்ரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி கொற்றலையாற்றின் குறுக்கே தாமரைப்பாக்கத்தில் அணை கட்டி, நீரைச் சோழவரம் ஏரிக்கும் அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பி, செங்குன்றத்திலிருந்து திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய்களில் நகரம் நோக்கி அது தானாக இறங்கி ஓடியது. வடிகட்டப்படாத நீர். வழியில் மாடு இறங்கியிருக்கலாம், துணி துவைத்திருக்கலாம். ஆனாலும் குழாய் என்பது குழாய்தான். குழாயின் திருகுக்குள் இருந்த தோல் வளையம் ஆசாரத்துக்கு ஒத்துவருமா என்று சில வீடுகளில் விவாதம் நடந்தது. பூஜைக்குக் கிணற்றுநீர், மற்றதற்குக் குழாய்நீர் என்று சமரசம் கண்டவர்கள் உண்டு. காலப்போக்கில் கிணற்றுக்கு மூடி போட்டார்கள். வசதிக்கு முன்னால் ஆசாரம் எவ்வளவு சீக்கிரம் வளைந்துகொடுக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம். சாக்கடை விஷயத்தில் அந்த அவசரத்தை நாம் காணவில்லை. காரணத்துக்குப் பிறகு வருவோம்.

வீட்டு இணைப்பு என்பது எப்படி நடக்கிறது என்று சற்று நின்று பார்க்கலாம். தெருவில் போகும் பெரிய குழாயில் ஒரு சிறு துளையிட்டு, அதில் 'ஃபெரூல்' என்ற பித்தளைத் துண்டைத் திருகிப் பொருத்துகிறார்கள். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வாசல் வரை வருகிறது. அங்கே ஒரு அடைப்பான். அவ்வளவுதான். நீர் அழுத்தத்தில் வருவதால் அது மேடேறும், வளையும், மாடிக்கும் போகும். சாக்கடை அப்படியல்ல. அதைத் தள்ள யாரும் இல்லை. சரிவு ஒன்றே அதற்கு உந்துவிசை. நான்கு அங்குலக் குழாய் என்றால் நாற்பதடிக்கு ஓரடி, ஆறு அங்குலம் என்றால் அறுபதடிக்கு ஓரடி இறக்கம் வேண்டும் என்பது பழைய மேஸ்திரிமார்களின் கைக்கணக்கு. நடுவில் ஒரு வளைவு வைத்து அதில் எப்போதும் கொஞ்சம் நீர் தேங்கும்படி செய்ய வேண்டும். அந்தத் தேங்கிய நீர்தான் தெருச் சாக்கடையின் வாயு வீட்டுக்குள் ஏறாமல் காக்கும் கதவு. அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக் கைவினைஞர் 1775இல் லண்டனில் காப்புரிமை பெற்ற கழிப்பறையில் இந்த வளைவு இருந்தது. கடிகாரம் செய்தவரின் கை என்பது அதைப் பார்த்தால் விளங்கும்.

லண்டனைக் குறிப்பிட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அங்கே 1815 வரை வீட்டு மலத்தைத் தெருச் சாக்கடையில் விடுவது குற்றம். சாக்கடைகள் மழைநீருக்கு உரியவை. மலத்தைக் குழியிலிருந்து அள்ளிக்கொண்டுபோக இரவு வேலைக்காரர்கள் இருந்தார்கள். பிறகு தடை நீங்கியது. 1840களின் இறுதியில் அதுவே கட்டாயமாயிற்று. 1848இல் இங்கிலாந்தின் மற்ற நகரங்களுக்காக இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம், நூறடிக்குள் சாக்கடை இருந்தால் வீட்டை அதோடு இணைத்தே ஆக வேண்டும் என்றது. விளைவு, லண்டன் வீடுகள் சுத்தமாயின, தேம்ஸ் நதி சாக்கடையாயிற்று. அந்த நதிநீரையே குடித்தவர்கள் காலராவில் செத்தார்கள். 1858 கோடையில் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே தத்தளித்த பிறகுதான் பேசல்ஜெட்டின் பெருஞ்சாக்கடைகளுக்குப் பணம் ஒதுக்கப்பட்டது. வீட்டை இணைப்பது வேறு, இணைத்தது எங்கே போய்ச் சேரும் என்று யோசிப்பது வேறு என்பதை அந்நகரம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது.

சென்னைக்கு அந்தப் பாடம் தெரியாததல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கருப்பர் நகரத்தின் ஒரு பகுதிக்குச் சாக்கடைக் குழாய்கள் இடப்பட்டன. நகரம் முழுவதற்குமான திட்டம் ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரின் கையில் உருவானது. குடிநீரையும் அவரே சீர்படுத்தினார். செங்குன்றத்திலிருந்து மூடிய கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நீராவி இயந்திரங்கள், உயரத்தில் எஃகுத் தொட்டி எல்லாம் 1914க்குள் வந்தன. அந்த மணல் வடிகட்டியில் ஒரு விந்தை உண்டு: மணலின் மேற்பரப்பில் படியும் வழவழப்பான ஏடுதான் கிருமிகளைப் பிடித்து அழிக்கிறது. அழுக்கென்று நாம் சுரண்ட நினைக்கும் ஒன்றே அங்கே சுத்தம் செய்கிறது. தியாகராய நகரில் ஒரு சாலைக்கும் ஒரு சுரங்கப்பாதைக்கும் மேட்லியின் பெயர் இருக்கிறது. மழைக்காலத்தில் நீர் தேங்கும் சுரங்கப்பாதைக்கு நீர்ப் பொறியாளரின் பெயர் வாய்த்ததை விதி என்று விட்டுவிடலாம்.

மேட்லி காலத்துத் திட்டங்கள் 1961ஆம் ஆண்டில் நகரத்தில் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 காலன், அதாவது ஏறத்தாழ 114 லிட்டர் நீர் தேவைப்படும் என்று கணக்கிட்டன. குடிநீருக்கும் அதே கணக்கு, சாக்கடைக்கும் அதே கணக்கு. இதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாக்கடை தனித்து நிற்கும் அமைப்பல்ல. ஒவ்வொரு வீட்டிலும் போதிய நீர் வந்து, அந்த நீர் அப்படியே குழாயில் இறங்கி, விநாடிக்கு இரண்டடி வேகத்தில் ஓடினால்தான் திடக்கழிவு படியாமல் அடித்துச் செல்லப்படும். நீர் குறைந்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் படியும், படிந்தால் அடைக்கும். அடைத்தால் யாரோ ஒருவர் வர வேண்டும்.

1961 வந்தது. நகரம் பரப்பிலும் விரிந்திருந்தது. மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில் பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் சேர்ந்தது. சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது அடிக்கல் நாட்டப்பட்ட பணி. முடிந்ததைக் காண அவர் உயிரோடு இல்லை. அதுவும் போதவில்லை. குடிநீருக்கும் கழிவுநீருக்கும் தனி வாரியம் 1978இல்தான் வந்தது.

இனி, ஒதுக்கிவைத்த காரணத்துக்கு வரலாம். 1919ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டம், அருகில் சாக்கடை இருந்தால் வீட்டை இணைக்கும்படி உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுக்க ஆணையருக்கு அதிகாரம் அளித்தது. ஆங்கிலேயச் சட்டத்தின் வார்ப்புதான். ஆனால் நம் ஊர்களில் வேறொன்று இருந்தது. வீட்டின் பின்புறம் ஒரு குறுகிய சந்து. கொல்லைச் சுவரில் தரையோடு ஒட்டிய ஒரு சிறு திறப்பு, அதற்கு ஒரு தகரக் கதவு. எடுப்புக் கக்கூஸ் என்று பெயர். விடியுமுன் அந்தச் சந்து வழியே வந்து, தகரத்தைத் தூக்கி, வாளியில் வாரிப்போக ஒருவர் இருந்தார். பெரும்பாலும் ஒரு பெண். வாசல் வழியாக அவர் வந்ததே இல்லை. வீட்டாருக்கு அவர் முகம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தெலுங்கு பேசும் அருந்ததியர்களும் ஆந்திரப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இந்த வேலையில் கட்டிப்போடப்பட்டார்கள்.

கணக்கு எளிது. சாக்கடை இணைப்பு என்றால் கொல்லையைத் தோண்ட வேண்டும், சரிவு பார்க்க வேண்டும், பீங்கான் குழாய் வாங்க வேண்டும், கழிப்பறையை மாற்றிக் கட்ட வேண்டும். சந்து வழியே வருபவருக்கோ சில அணாக்களும் தீபாவளிக்குப் பழந்துணியும் போதும். தண்ணீர் இணைப்பு, சுமையைத் தன் வீட்டுப் பெண்களின் இடுப்பிலிருந்து இறக்கியது. ஆகையால் ஆசாரம்கூட வழிவிட்டது. சாக்கடை இணைப்பு இறக்கிவைக்கப்போகும் சுமை வேறு யாருடைய தலையிலோ இருந்தது. அவசரப்படக் காரணம் இல்லை. வறுமையையும் நகராட்சியின் மெத்தனத்தையும் காரணமாகச் சொல்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் மச்சுவீடு கட்ட முடிந்தவரின் கொல்லையிலும் அந்தத் தகரக் கதவு இருந்ததே.

பிறகு மெல்ல மெல்ல இணைப்புகள் வந்தன. சந்துகள் மூடப்பட்டன, ஆக்கிரமிக்கப்பட்டன, சில இடங்களில் குடித்தனங்களாயின. சந்தில் வந்தவர் விடுதலை பெற்றுவிட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டோம். அவர் எங்கும் போகவில்லை. அவர் மகன் தெருவின் நடுவே இரும்பு மூடிக்கு அடியில் இறங்கினான். 6.6 லட்சம் பேருக்கான குழாயில் பல மடங்கு கழிவு. அதைத் தள்ளவேண்டிய நீரோ வறட்சி ஆண்டுகளில் லாரியிலும் குடத்திலும் அளந்து வந்தது. 2003, 2004 ஆண்டுகளிலும் 2019 கோடையிலும் சென்னையின் குழாய்கள் வறண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்போது செய்தியான தெல்லாம் குடங்களின் வரிசை. நீரில்லாத சாக்கடையில் படிந்துகொண்டிருந்தது செய்தியாகவில்லை. மூங்கில் பிளாச்சும் வாளியும் இடுப்புக்கயிறும் கொண்டு அதை எடுத்தவர்கள் மூச்சுத்திணறிச் செத்தபோது நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரி வந்தது.

சட்டமும் இந்த வரிசையிலேயே நடந்திருக்கிறது. கையால் மலமள்ளுவதைத் தடைசெய்த 1993ஆம் ஆண்டுச் சட்டம் எடுப்புக் கக்கூஸை மட்டுமே கண்டது. சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மனிதர் இறங்குவதைச் சட்டம் கணக்கில் எடுக்க 2013 வரை ஆயிற்று. அப்போதும், பாதுகாப்புக் கருவிகள் தராமல் இறக்குவதே தடைசெய்யப்பட்டது. இறக்குவதே கூடாது என்று அது சொல்லவில்லை. சபாய் கர்மசாரி ஆந்தோலன் 2003இல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் வேறொரு வழக்கில் அது 30 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் வைத்த சாவுக் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் இருந்திருக்கிறது. இங்கே கணக்கெடுப்பு ஒழுங்காக நடப்பதால்தான் எண்ணிக்கை கூடுதல் என்று ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. அதில் நமக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படம் 2017இல் வந்தபோது அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பார்க்க முடியாததைத்தான் அவர்கள் தினமும் தொட்டார்கள்.

2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. சேர்ந்த ஊர்களில் பலவற்றில் மெட்ரோ வாட்டர் குழாயும் இல்லை, பாதாளச் சாக்கடையும் இல்லை. ஆழ்துளைக் கிணறும் கழிவுநீர்த் தொட்டியும் ஒரே மனைக்குள் அருகருகே இருந்தன. அதன் பிறகு தெருத் தெருவாகத் தோண்டிக் குழாய் இட்டுவந்தார்கள். தெருக்குழாய் வந்ததும் குடிநீர் இணைப்புக்கு முதல் நாளே விண்ணப்பிப்பவர், சாக்கடை இணைப்பை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். தொட்டி நிறைந்தால் லாரி வரும். அடியில் தங்கிய வண்டல் லாரியின் குழாய்க்கு வராவிட்டால் உள்ளே இறங்க ஒருவர் வருவார். தொலைபேசி எண் மேஸ்திரியிடம் இருக்கும்.