உளவாளியின் உடன் சென்றோர் – பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்களை மீண்டும் பார்த்தபோது

இளமையில் கண்ட திரைப்படங்களை நடுவயதில் மீண்டும் காண்பது சற்றே அபாயமான காரியம். படம் அப்படியேதான் இருக்கிறது. பார்க்கும் நாம்தாம் மாறியிருக்கிறோம். ஷான் கானரியும் ரோஜர் மூரும் நடித்த பழைய ஜேம்ஸ் பாண்ட் படங்கள் சிலவற்றை அவை வெளிவந்த வரிசையிலேயே அண்மையில் மீண்டும் பார்த்தோம். ஒரு காலத்தில் நம் கண்கள் பாண்டின் காரையும் துப்பாக்கியையும் விட்டு அகன்றதில்லை. இம்முறை அவை பாண்டின் பக்கத்தில் நடந்துவரும் மனிதர்மீது நிலைத்துவிட்டன. அவர் அந்தந்த ஊர்க்காரர். வழி காட்டுபவர், படகு ஓட்டுபவர், காவல் காப்பவர். படம் முடிவதற்குள் பெரும்பாலும் இறந்துபோகிறவரும் அவரே.

முதற்படமான 'டாக்டர் நோ'விலிருந்தே தொடங்குவோம். 1962 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜமைக்காவில் இதன் படப்பிடிப்பு நடந்தபோது அத்தீவு பிரித்தானியக் குடியேற்ற நாடாக இருந்தது. ஆகஸ்டு 6 அன்று அது விடுதலை பெற்றது. அக்டோபர் 5 அன்று இலண்டனில் படம் வெளியானது. ஆகவே திரையில் நாம் காணும் கவர்னர் மாளிகையும் அதன் தோரணையும், பார்வையாளர் அரங்கினுள் நுழையும் முன்பே பழங்கதையாகிவிட்டிருந்தன. கரீபியன் தீவொன்றிலிருந்து அமெரிக்க ராக்கெட்டுகளைத் திசைதிருப்பும் வில்லனைப் பற்றிய இப்படம் வெளியான சில நாட்களிலேயே கியூபா ஏவுகணை நெருக்கடி மூண்டது. அந்நெருக்கடியைத் தீர்த்தவர்கள் வாஷிங்டனிலும் மாஸ்கோவிலும் இருந்தார்கள். திரையிலோ உலகைக் காப்பவர் இலண்டனிலிருந்து வருகிறார்.

இந்த ஏக்கத்தின் வேர் இன்னும் சற்று முந்தியது. 1956இல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டன் அவமானப்பட்டுப் பின்வாங்கியது. உடல்நலம் குன்றிய பிரதமர் ஆண்டனி ஈடன் அவ்வாண்டு நவம்பரில் ஓய்வுக்காகச் சென்று தங்கியது ஜமைக்காவிலிருந்த 'கோல்டன்ஐ' என்னும் இல்லத்தில். பாண்டைப் படைத்த இயான் ஃபிளெமிங்கின் வீடு அது. பேரரசின் சரிவும் அச்சரிவுக்கு ஆறுதலாய் எழுந்த கற்பனையும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்துக்கொண்டன எனலாம்.

'டாக்டர் நோ'வில் பாண்டுக்கு உதவுபவர் குவாரல் என்னும் கேமன் தீவுக்காரர். கடலை அறிந்தவர், துணிந்தவர். ஆனால் படம் அவருக்கு ரம் போதையையும் பேய்பூத நம்பிக்கையையும் சேர்த்தே கொடுக்கிறது. தீவில் டிராகன் உலவுவதாக அவர் அஞ்சுகிறார்; டிராகன் போல் வேடமிட்ட, தீ உமிழும் வண்டியால் எரிந்தும் போகிறார். அதற்குச் சற்று முன்னர், தன் காலணிகளை எடுத்துவருமாறு பாண்ட் அவருக்கு ஆணையிடும் ஒரு சிறு காட்சி உண்டு. முன்பு அதை நாம் கவனித்ததே இல்லை. இப்போது அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

அடுத்த ஆண்டு வந்த 'ஃபிரம் ரஷ்யா வித் லவ்' இவ்வகையில் மேலானது. இஸ்தான்புல்லில் பாண்டை வரவேற்கும் கெரீம் பே ஏவலாள் அல்லர்; நகைச்சுவையும் நாகரிகமும் நிறைந்த சமமான தோழர். அவ்வேடத்தை ஏற்ற மெக்சிகோ நடிகர் பெத்ரோ அர்மெந்தாரிஸ் அப்போது புற்றுநோயால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தார்; படம் வெளியாகும் முன்பே 1963 ஜூனில் இறந்தார். கதையிலும் கெரீம் ரயிலில் கொல்லப்படுகிறார். ஆனால் இங்கே அந்த மரணத்துக்கு ஓர் எடை இருக்கிறது. உடன் வந்தவரை மனிதராக மதித்த படமே அவ்வரிசையில் இன்றும் உயர்ந்து நிற்பது தற்செயல் என்று நமக்குத் தோன்றவில்லை.

1965இன் 'தண்டர்பா'லில் பகாமாசில் உதவும் பவுலா நஞ்சுண்டு இறக்கிறாள். 1967இன் 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் பாண்டுக்காகக் கூரையிலிருந்து நூல்வழி இறக்கப்பட்ட நஞ்சு, ஜப்பானிய உளவாளி ஆக்கியின் உதட்டில் விழுகிறது. அவளுக்காகத் துக்கம் காக்கக் கதைக்கு நேரமில்லை. விரைவிலேயே பாண்டுக்கு வேறொரு பெண்ணுடன் வேடத் திருமணம் நடக்கிறது.

1983இல் வந்த 'ஆக்டபுசி' நம் நாட்டில், உதயப்பூரில் எடுக்கப்பட்டது. இதில் பாண்டின் உதவியாளராக நடித்தவர் சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். சூதாட்டத்தில் வென்ற பணத்தை இந்திய உதவியாளரிடம் வீசும் பாண்ட், சில வாரங்களுக்கு உங்கள் 'கறி'க்கு இது போதும் என்னும் பொருள்பட ஒரு வேடிக்கை பேசுகிறார். பின்னர் விஜயும் கொல்லப்படுகிறார். 1974இல் டேவிஸ் கோப்பை இறுதிப்போட்டிக்குத் தகுதி பெற்ற இந்தியா, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தது. அந்த அணியில் ஆடியவர் விஜய் அமிர்தராஜ். உலக அரங்கில் தன்மானத்துக்காகக் கோப்பையைத் துறந்த அணியின் வீரர், ஒன்பதாண்டுகள் கழித்துத் திரையில் அந்த வேடிக்கையின் பக்கத்தில் நிற்க நேர்ந்தது.

அக்காலப் படங்களை இக்கால அளவுகோலால் அளக்கலாமா என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குவாரல் காலணி சுமந்தபோது ஜமைக்கா மக்கள் தம் கொடியை ஏற்றியாகிவிட்டது. விஜய் இறந்தபோது இந்தியா விடுதலை பெற்று முப்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்படங்கள் தம் காலத்துக்கே பின்தங்கியவை. ஆதலால் அவற்றை அளக்க இன்றைய அளவுகோல் தேவையில்லை. அன்றைய நாட்காட்டியே போதும்.

நம்மை உறுத்துவது வேறொன்று. அரங்கின் இருளில் நாம் யாருக்காகக் கைதட்டினோம்? நம் நிறமும் நம் ஊரும் கொண்ட மனிதர் விழுந்தபோது, கதாநாயகன் தப்பினாரா என்றுதானே பதறினோம். அந்த அளவுக்கு அப்படங்கள் திறமையானவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஜான் பேரியின் இசையும் கென் ஆடமின் பிரம்மாண்ட அரங்குகளும் இன்றும் நம்மை ஈர்க்கவே செய்கின்றன. அவற்றை வீசியெறியச் சொல்லவில்லை. மீண்டும் பார்க்கும் நண்பர்கள், பாண்டுக்கு ஓரடி பின்னால் வருபவரின் பெயரையும் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.