டிராம் ஷெட் என்றொரு இடம்

தாத்தா கடைசிவரை அந்த இடத்தை டிராம் ஷெட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எண்பதுகளில் அவரோடு எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கி ஆட்டோ பிடிக்கும்போது, "வேப்பேரி டிராம் ஷெட் போகணும்பா" என்பார். ஆட்டோக்காரர் முழிப்பார். நான் பக்கத்திலிருந்து "பெரியார் திடல்" என்று எடுத்துக்கொடுத்தால், "அப்படிச் சொல்லு சார்" என்று வண்டியைக் கிளப்புவார். தாத்தாவுக்கு அது பிடிக்காது. வண்டியில் போகும்போதே, "டிராம் ஷெட் தெரியாதவன்லாம் மெட்ராஸ்ல ஆட்டோ ஓட்றான்" என்று முணுமுணுத்துக்கொண்டே வருவார். டிராம் நின்று அப்போதே முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

இப்போது நான் குப்பை கொட்டுவது கொச்சியில். மட்டாஞ்சேரியை ஒட்டிய சுள்ளிக்கல்லில் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கக் கிளம்பினால் பஜார் ரோடு வழியாக ஃபோர்ட் கொச்சி வரை போய்விடுவேன். வழி நெடுக மிளகும் சுக்கும் தேங்காய் எண்ணெயும் அடுக்கிவைத்திருந்த பழைய கிடங்குகள். 1867இல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகத்தில்தான் 2012 முதல் கொச்சி பினாலே கலைக் கண்காட்சி நடந்து வந்திருக்கிறது. அதே ஓட்டுக்கூரை, அதே உத்தரம், அதே கனத்த சுவர். சரக்குக்குப் பதில் சிற்பங்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாத்தாவின் டிராம் ஷெட் நினைவுக்கு வரும். அது ஏன் இப்படி நிற்கவில்லை?

இதை ஆபீஸில் ஒருமுறை சொன்னபோது, மலையாள நண்பர் ஒருவர், "எங்கள் கொச்சியிலும் டிராம் இருந்ததே!" என்றார். இருந்ததுதான். ஆனால் அது வேறு ஜாதி. பறம்பிக்குளம் காட்டிலிருந்து சாலக்குடிக்குத் தேக்கும் ஈட்டியும் இறக்கிக்கொண்டு வந்த கொச்சி சமஸ்தானக் காட்டு டிராம்வே. 1907இல் ஓடத் தொடங்கி 1963இல் நின்றுபோனது. இழுத்தவை நீராவி எஞ்சின்கள். பயணிகளை ஏற்றிக்கொண்டு தெருவில் ஓடும் மின்சார டிராம் கொச்சிக்கு வந்ததே இல்லை. அதற்கு நாம் மெட்ராஸுக்குத்தான் போகவேண்டும்.

மெட்ராஸில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895 மே 7ஆம் தேதி. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவில் 1902 வரை டிராமைக் குதிரைதான் இழுத்துக்கொண்டிருந்தது. பம்பாய்க்கு மின்சார டிராம் வந்தது 1907இல். ஏன், லண்டன் தெருக்களிலேயே 1901இல்தான் முறையான மின்சார டிராம் சேவை தொடங்கியது. வீட்டில் சிம்னி விளக்கு வைத்துக்கொண்டிருந்த ஜனங்கள் மின்சாரத்தில் ஓடும் வண்டியில் ஏறி வேலைக்குப் போயிருக்கிறார்கள். பல பேருக்கு மின்சாரம் என்ற ஒன்று அறிமுகமானதே டிராம் வழியாகத்தான் இருந்திருக்கும்.

ஆரம்பத்தில் தலைக்கு மேலே கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே சாலையில் ஒரு நீளமான பிளவு. அதற்குக் கீழே ஒரு கால்வாய்; அதற்குள் மின்சாரக் கம்பி. வண்டியின் அடியிலிருந்து ஒரு கை அந்தப் பிளவு வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டுக்கொண்டே போகும். பார்க்க அழகான ஏற்பாடு. ஊரெல்லாம் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து அலங்கோலம் செய்ய வேண்டாம். புதாபெஸ்டில் 1887இலேயே இப்படி ஓட்டிக் காட்டியிருந்தார்கள். பிற்பாடு லண்டனும் வாஷிங்டனும் இதே முறையைப் பல ஆண்டுகள் வைத்திருந்தன.

ஆனால் புதாபெஸ்டில் ஐப்பசி கார்த்திகை இல்லையே! வடகிழக்குப் பருவமழை வந்ததும் மெட்ராஸ் தெரு என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். தண்ணீர் முதலில் போய் நிற்கும் இடம் பள்ளம். மின்சாரம் இருந்ததோ அந்தப் பள்ளத்துக்குள். கடைசியில் அந்த முறையைக் கைவிட்டு, கம்பம் நட்டு, தலைக்கு மேல் கம்பி இழுத்தார்கள். வெளியூர் தொழில்நுட்பத்தை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டு, மழை வந்தபிறகு பாடம் கற்றுக்கொள்வது நமக்கு நூறு வருஷப் பழக்கம் போலிருக்கிறது.

கம்பெனியும் கை மாறியது. பிற்காலத்தில் டிராமை நடத்தியது 'மெட்ராஸ் எலெக்ட்ரிக் டிராம்வேஸ் (1904) லிமிடெட்'. பெயரிலேயே வருஷத்தைச் சேர்த்துக்கொண்ட கம்பெனி. 1921இல் உச்சத்தில் இருந்தபோது 24 கிலோமீட்டர் தண்டவாளத்தில் 97 வண்டிகள் ஓடின. ராயபுரம், பாரிமுனை, மவுண்ட் ரோடு, பூந்தமல்லி சாலை, திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் என்று பழைய மெட்ராஸைச் சுற்றி வளைத்துப் போட்டிருந்தார்கள்.

ஏழை எளியவர்களின் வண்டி அது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதை எப்படித் தொடங்குகிறது, ஞாபகம் இருக்கிறதா? கந்தசாமிப் பிள்ளை பிராட்வே முனையில் நின்றுகொண்டு, டிராமில் போனால் எவ்வளவு மிஞ்சும், அதில் வெற்றிலை பாக்கு வாங்கலாமா, பஸ்ஸில் போனால் காப்பிக்குக் காசு தேறுமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். கடவுளைச் சந்திப்பதற்கு முன்னால் அவருக்கு இருந்த பெரிய தத்துவப் பிரச்சினை அதுதான். காலணா மிச்சம் பிடிக்க டிராம்.

சரி, ஷெட்டுக்கு வருவோம்.

டிராம் ஷெட் என்றால் ஏதோ வண்டி நிறுத்துகிற கொட்டகை என்று நினைத்துவிடக் கூடாது. பஸ்ஸை எங்கே வேண்டுமானாலும் ஓரங்கட்டலாம். டிராமை முடியாது. தண்டவாளம் இருக்கும் இடத்தில்தான் அது நிற்கும். ஆகவே எந்த ஊர் டிராம் ஷெட்டை எடுத்துக்கொண்டாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தெருவிலிருந்து ஒற்றைத் தடம் உள்ளே நுழையும். நுழைந்ததும் விசிறி விரிகிற மாதிரிப் பல தடங்களாகப் பிரியும். ஒவ்வொரு தடமும் நீளமான கூரைக்கு அடியில் போய் முடியும். உள்ளே தண்டவாளங்களுக்கு நடுவே ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்குக் குழி வெட்டியிருப்பார்கள். வண்டிக்கு அடியில்தான் மோட்டார், பிரேக் எல்லாம் இருக்கின்றன. படுத்துக்கொண்டு பார்க்க முடியாது, நின்றுகொண்டு பார்க்க வேண்டும். குழிக்குள் இருக்கிறவனுக்கு வெளிச்சம் வேண்டும், வெப்பம் போகவேண்டும் என்பதற்காகக் கூரையின் உச்சியில் திறப்பு விட்டிருப்பார்கள். அழகுக்காக வைத்த திறப்பு இல்லை, ஆனால் அழகாக இருக்கும்.

கடைசி வண்டி ராத்திரி உள்ளே வந்தபிறகுதான் ஷெட்டில் வேலையே சூடு பிடிக்கும். தேய்ந்த பிரேக் கட்டையை மாற்றுவது, மோட்டாரின் கார்பனைப் பார்ப்பது, மணல் பெட்டியில் காய்ந்த மணலை நிரப்புவது. மணல் எதற்கு என்றால், தண்டவாளம் ஈரமாக இருந்தால் சக்கரம் வழுக்கும். ஓட்டுநர் கொஞ்சம் மணலைத் தூவிப் பிடிமானம் தேடிக்கொள்வார். ஊர் எழுந்திருக்கும் முன் முதல் வண்டி வெளியே போயாக வேண்டும்.

ஒரு வண்டிக்கு முப்பது அடி என்று வைத்துக்கொண்டால்கூட 97 வண்டிகளை நிறுத்த ஏறக்குறைய மூவாயிரம் அடித் தண்டவாளம் வேண்டும். எல்லாம் ஒரே இடத்தில்தான் நின்றிருக்கும் என்று சொல்லவில்லை. ஆனாலும் பட்டறை, ஆபீஸ், ஆட்கள் புழங்கும் இடம் என்று சேர்த்துப் பார்த்தால், ஊருக்கு நடுவே டிராம் கம்பெனி எவ்வளவு பெரிய மனையை வளைத்துப்போட வேண்டியிருந்தது என்பது புரியும். அந்த மனைதான் வேப்பேரியில், முன்பு ரண்டால்ஸ் ரோடு என்றும் இப்போது ஈ.வெ.கி. சம்பத் சாலை என்றும் அழைக்கப்படும் தெருவில் இருந்தது. சென்ட்ரலும் பக்கம், எழும்பூரும் பக்கம்.

பிறகு காற்று திசை மாறியது. 1931இல் கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் வந்தது. 1947இல் அரசாங்கமே பஸ் விட ஆரம்பித்தது. பஸ்ஸுக்குத் தண்டவாளம் வேண்டாம், கம்பி வேண்டாம். புது நகர் ஒன்று முளைத்தால் மறுநாளே அங்கே போகலாம். டிராமோ 1920களில் போட்ட வட்டத்தை விட்டு வெளியே வர முடியவில்லை. 1950 வாக்கில் கம்பெனி நொடித்தது. 1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு மெட்ராஸ் டிராம் முடிந்தது. அப்போது ராஜாஜி முதலமைச்சர். தமிழ் வருஷப் பிறப்புக்கு ஓரிரு நாள் முன்னால் ஊர் தன் 58 வருஷத் துணையைக் கைகழுவியது. டிராம் ஓட்டியவர், டிக்கெட் கிழித்தவர், குழிக்குள் நின்று பிரேக் கட்டை மாற்றியவர் எல்லாரும் வேறு பிழைப்பு தேட வேண்டியதாயிற்று. குதிரைவண்டிக்காரனுக்கு டிராம் செய்ததை டிராம்காரனுக்கு பஸ் செய்தது.

டிராம் நின்றதும் ஷெட் இருந்த மனை விற்பனைக்கு வந்தது. அதைப் பெரியார் வாங்கினார். திராவிடர் கழகத்தின் தலைமை நிலையம், விடுதலை நாளிதழ் அலுவலகம், எம்.ஆர். ராதா மன்றம், நூலகம் எல்லாம் அங்கே வந்தன. 1973 டிசம்பரில் பெரியாரை அடக்கம் செய்ததும் அங்கேதான்; 1978இல் மணியம்மையாரையும். டிராம் நின்ற இடத்தில் கூட்டம் நடந்தது, நாடகம் நடந்தது, தாலியில்லாத கல்யாணம் நடந்தது. "திடல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். வேப்பேரி மாதிரி நெருக்கமான இடத்தில் திடல் என்று சொல்லும் அளவுக்கு மண் எப்படி மிஞ்சியது? டிராமுக்கு அவ்வளவு இடம் தேவைப்பட்டது, அதனால் மிஞ்சியது. கூரை போய்விட்டது, குழி தூர்ந்துவிட்டது. மனையின் அளவு மட்டும் டிராமின் அளவு.

இதோடு சிட்னியின் ரோஸல் டிராம் ஷெட்டை வைத்துப் பாருங்கள். 1904இல் கட்டியது, 1958இல் மூடியது. அதன்பின் பல பத்தாண்டுகள் பாழடைந்து கிடந்தது. உள்ளே விட்டுப்போன டிராம்களில் பிள்ளைகள் வண்ணம் அடித்துக் கிறுக்கினார்கள். 2016இல் அதைப் புதுப்பித்துக் கடைகளும் உணவகங்களும் வைத்துவிட்டார்கள். அந்தக் கூரையும் அப்படியே, பழைய டிராம் ஒன்றும் உள்ளே. ஆக, அந்தக் கட்டடத்தை முதலில் காப்பாற்றியது அக்கறை இல்லை, அலட்சியம்! யாரும் சீண்டாமல் விட்டதால், ஊருக்கு ஆசை வரும் காலம் வரை அது தாக்குப்பிடித்தது. நம்முடைய மட்டாஞ்சேரிக் கிடங்குகளின் கதையும் ஏறக்குறைய அதுதான். வியாபாரம் படுத்தது, இடிக்கக்கூட ஆளில்லை, கட்டடம் தப்பியது.

வேப்பேரிக்கு அந்த "அதிர்ஷ்டம்" இல்லை. அந்த மண்ணுக்கு உடனே வேலை வந்துவிட்டது. 1953இல் ஒரு டிராம் கொட்டகையைப் பாரம்பரியச் சின்னம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஊரே சிரித்திருக்கும். எனவே யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வணிக வளாகமாக ஆகாமல், நாலு பேர் காசு கொடுக்காமல் உள்ளே போய் உட்காரும் இடமாக ஆனதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. டிராமும் அப்படி எல்லாரும் ஏறுகிற வண்டிதானே.

ஆனால் இன்று அந்தச் சாக்கு செல்லாது. கல்கத்தாவில், 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு, எஸ்பிளனேட் - மைதான் தடம் ஒன்றைத் தவிர மற்ற டிராம்களை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெல்காச்சியா, டோலிகஞ்ச், கரியாஹாட் என்று ஊருக்கு நடுவே டெப்போக்கள். மனை விலை என்ன என்று சொல்லவே வேண்டாம். வண்டியை நிறுத்துவது ஒரு முடிவு. ஷெட்டை இடிப்பது இன்னொரு முடிவு. முதலாவதை மாற்றலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அடியில் 2017இல் மெட்ரோ வந்தது இல்லையா? மின்சாரத்தில் தண்டவாளத்தில் ஓடும் வண்டி 64 வருஷம் கழித்து அந்தச் சாலைக்குத் திரும்பி வந்தது. இரண்டாவதை மாற்ற முடியாது.

தாத்தா போய் வெகு காலம் ஆகிவிட்டது. போன முறை ஊருக்குப் போனபோது எழும்பூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் வேண்டுமென்றே "டிராம் ஷெட்" என்று சொல்லிப் பார்த்தேன். இளவட்டம், போனை நீட்டி, "லொக்கேஷன் போடுங்க சார்" என்றார். போட்டேன். வரவில்லை.

"பெரியார் திடல்" என்றேன்.

"அத மொதல்லயே சொல்றதுக்கின்னா" என்றபடி வண்டியைக் கிளப்பினார்.